காற்றைக் கொடுத்து உலோகம் வாங்கலாமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. ஸ்ரீ கெம்பாங்கானில் என் வீட்டு வாசலில் அக்காள் மகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். 2003ஆம் ஆண்டு பதிவான புரோட்டோன் வீரா, 1.5 லிட்டர். அவன் அப்பா கண்ணும் கருத்துமாக ஓட்டி, மகன் வேலைக்குப் போகத் தொடங்கியதும் கையில் கொடுத்த கார். "மாமா, ரிம் மாத்தப் போறேன். பதினேழு இஞ்சி போட்டா காடி நல்லா நிக்கும். நீங்களும் கடைக்கு வாங்களேன்" என்றான்.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அதே தவறை அவனுக்கு முன்பே செய்தவன் நான். 2006இல் என்னிடமும் ஒரு வீரா இருந்தது. அதற்கும் பதினேழு அங்குல ஸ்போர்ட் ரிம் போட்டேன். நிறுத்திவிட்டு நாலடி நடந்த பிறகும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன். நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கல்யாண விருந்து முடிந்து இரவு பதினொரு மணிக்கு மழையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் மனைவி, பின்னால் என் அம்மா. தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் குழி இருந்தது தெரியவில்லை. "டம்" என்று ஒரு சத்தம். இடது முன் டயரின் பக்கம் கத்தியால் கீறியதுபோல் கிழிந்துவிட்டது. ரிம்மின் விளிம்பில் விரிசல். லோரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு பக்கத்தில் பறக்க, நான் ஜாக்கி போட்டேன். அம்மா எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். பழைய காருக்குப் பெரிய ரிம் போடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறீர்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். அந்தக் கணக்குக்கு ஆறாம் வகுப்புப் பெருக்கல் போதும்.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் கணக்கு

உங்கள் கார் டயரின் பக்கத்தைப் பாருங்கள். என் மருமகனின் வீராவில் இருந்தது 175/70 ஆர்13 82. இதில் 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம். அது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 175இல் 70 விழுக்காடு என்றால் 122.5 மில்லிமீட்டர். 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 82 என்பது சுமைக் குறியீடு. அந்த எண்ணுள்ள டயர் 475 கிலோ வரை தாங்கும்.

இப்போது முழுச் சக்கரத்தின் விட்டத்தைக் கணக்கிடலாம். பக்கச்சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆக 245 மில்லிமீட்டர். ரிம் 13 அங்குலம், அதாவது 330.2 மில்லிமீட்டர். கூட்டினால் 575.2. உங்கள் காரின் வேகமானி, கியர், பிரேக், மட்கார்டின் இடைவெளி எல்லாமே இந்த எண்ணை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டுள்ளன. ஆகவே ரிம் வளர்ந்தால் பக்கச்சுவர் குறுக வேண்டும், மொத்த விட்டம் மாறக்கூடாது. ரிம் மாற்றத்தின் முதல் விதி இதுதான்.

கடையில் பொதுவாகச் சொல்லும் அளவுகளை இதே முறையில் கணக்கிட்டுப் பார்த்தேன்:

175/70 ஆர்13: மொத்த விட்டம் 575, பக்கச்சுவர் 122 மில்லிமீட்டர்.
185/60 ஆர்14: மொத்த விட்டம் 578, பக்கச்சுவர் 111.
195/50 ஆர்15: மொத்த விட்டம் 576, பக்கச்சுவர் 97.
195/45 ஆர்16: மொத்த விட்டம் 582, பக்கச்சுவர் 88.
205/40 ஆர்17: மொத்த விட்டம் 596, பக்கச்சுவர் 82.

பதினைந்து அங்குலம் வரை மொத்த விட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பதினேழுக்குப் போகும்போது 3.6 விழுக்காடு கூடிவிடுகிறது. "மூன்று விழுக்காடுதானே" என்று நினைக்கலாம். சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், வேகமானிக்கு அது தெரியாது. முள் 110 காட்டும்போது கார் உண்மையில் 114இல் ஓடும். தொழிற்சாலையிலிருந்து வரும் வேகமானிகள் பெரும்பாலும் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஓட்டுநரின் பாதுகாப்புக்காக வைத்த இடைவெளி அது. பெரிய சக்கரம் அந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. நெடுஞ்சாலை கேமராவிடம் "என் முள் 110தான் காட்டியது" என்று வாதாட முடியாது.

இன்னொன்றும் உண்டு. சக்கரம் பெரிதானால் எஞ்சினுக்கு எப்போதும் சற்று உயர்ந்த கியரில் ஓடுவதுபோல் இருக்கும். இருபது வயதைக் கடந்த 1.5 லிட்டர் எஞ்சின் ஏற்றத்தில் திணறும். பிரேக்குக்கும் அதே கதை. அதே பிரேக், அதே கால் அழுத்தம். ஆனால் சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசை அந்த அளவுக்குக் குறையும்.

காரைச் சுமப்பது எது?

"காரைச் சுமப்பது எது?" என்று மருமகனிடம் கேட்டேன். "ரிம்" என்றான். பிறகு "டயர்" என்று திருத்தினான். இரண்டும் முழுப் பதில் இல்லை. காரைச் சுமப்பது காற்று. டயர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. ரிம் அந்தப் பையைக் கட்டி வைத்திருக்கும் வளையம்.

சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவில் காற்றை வைக்கலாம் என்று முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் தாம்சன். ஆண்டு 1845. அதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல்பாவிய தரையில் தடதடப்பதைப் பார்த்து, அதே யோசனையைப் புதிதாகக் கண்டுபிடித்தார். அதன்பின் உலகம் மாறியது. அந்த மாற்றத்தின் கூலியை நம் குடும்பங்கள் அறியும். இருள் பிரியும் முன் எழுந்து பால்மரம் வெட்டப் போன நம் தாத்தா பாட்டிமார் சேர்த்த பால்தான் டயராகி உலகச் சாலைகளில் ஓடியது. இன்றும் டயரின் பக்கச்சுவரில் இயற்கை ரப்பருக்கு இடம் இருக்கிறது. ஓயாமல் மடங்கி நிமிரும் வேலைக்கு அது பொருத்தமானது.

அந்தப் பக்கச்சுவர் அழகுக்காக வைத்தது இல்லை. அதுவும் ஒரு ஸ்பிரிங். அப்சோர்பருக்கும் முன்னால், குழியின் முதல் அடியை வாங்குவது அதுதான். சக்கரம் குழியின் விளிம்பில் மோதும்போது டயர் நசுங்குகிறது. நசுங்க இடம் இருக்கும்வரை அடியைக் காற்று வாங்கிக்கொள்ளும். இடம் தீர்ந்ததும் ரிம்மின் விளிம்பு ரப்பரைச் சாலைக்கும் தனக்கும் நடுவில் வைத்து நசுக்கும். அந்த இடத்தில் டயருக்குள் இருக்கும் இழைகள் அறுந்து, பக்கத்தில் முட்டைபோல் வீங்கும், அல்லது என் டயர்போல் கிழியும்.

இப்போது மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ரிம்மின் விளிம்பே சுமார் 17 மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். அதைக் கழித்தால், பதின்மூன்று அங்குல ரிம்மில் நசுங்குவதற்கு மிஞ்சுவது சுமார் 105 மில்லிமீட்டர். பதினைந்தில் 80. பதினேழில் 65. பதினேழுக்குப் போகிறவர் தன் காற்று மெத்தையில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டைக் கழற்றி வீசுகிறார். அதற்குக் காசும் கொடுக்கிறார். காற்றைக் கொடுத்து உலோகம் வாங்குவது என்று நான் சொல்வது இதைத்தான்.

மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் விழும் குழியில் 90இல் விழுந்தால் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. நம் பக்கத்தில் பாலாகோங் போன்ற தொழிற்பேட்டைகள் உள்ளன. கனத்த லோரிகள் இரவு பகலாக ஓடும் இடங்களில் தார்ச்சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிபோன்ற கண்காட்சித் தரையில் நிற்கும் காரைப் பார்த்து ரிம் வாங்காதீர்கள். தினமும் நீங்கள் போகும் சாலையைப் பார்த்து வாங்குங்கள்.

தராசில் வைத்துப் பாருங்கள்

"ஸ்போர்ட் ரிம் அலுமினியம் மாமா, இரும்பைவிட லேசு" என்றான் மருமகன். அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு என்பது உண்மை. ஆனால் வார்ப்பு அலுமினியம் இரும்புத் தகடு அளவுக்கு வலிமையானது அல்ல. அதனால் கனமாக வார்க்க வேண்டும். மலிவான பதினேழு அங்குல வார்ப்பு ரிம் ஒன்றையும் உங்கள் பழைய பதின்மூன்று அங்குல இரும்பு ரிம்மையும் தராசில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் புதியதுதான் கனமாக இருக்கும்.

அந்த எடை எங்கே இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். அப்சோர்பருக்கு மேலே இருக்கும் எடையை ஸ்பிரிங் தாங்குகிறது. சக்கரத்தின் எடையைத் தாங்க ஸ்பிரிங் இல்லை, டயர் மட்டுமே இருக்கிறது. சக்கரம் கனத்தால் மேடு பள்ளத்தில் அது குதித்துத் திரும்பித் தரையைத் தொட அதிக நேரம் ஆகும். தரையைத் தொடாத டயர் பிரேக் பிடிக்காது, ஸ்டீரிங் சொல்வதையும் கேட்காது. பழைய காரில் அப்சோர்பரும் புஷ்களும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அவற்றின் தலையில் கூடுதல் சுமை விழுகிறது.

சுழற்சிக் கணக்கு இன்னும் கடுமை. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள். கயிறு நீளமானால் சுழலவைப்பதும் நிறுத்துவதும் கடினம். சுழல் நிலைமம் ஆரத்தின் வர்க்கத்தோடு கூடும். ரிம் வளையத்தின் எடை ஒரு கிராம்கூடக் கூடாமல், 13 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்துக்கு வெளியே நகர்ந்தாலே அந்த வளையத்தின் சுழல் நிலைமம் சுமார் 70 விழுக்காடு கூடிவிடும். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்று கிளம்பும்போது எண்ணெய்ச் செலவில் இது தெரியும்.

மழை நாட்டில் அகல டயர்

அகல டயர் நன்றாகப் பிடிக்கும் என்பது பாதி உண்மை. ஆளோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஒரு டயர் மேல் 325 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்கத் தரையில் பட வேண்டிய பரப்பு சுமார் 145 சதுர சென்டிமீட்டர். விரித்த ஒரு கையின் அளவு. நான்கு கைகள்தான் உங்கள் குடும்பத்தைச் சாலையோடு பிடித்து வைத்திருக்கின்றன.

டயரை அகலமாக்கினால் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. காய்ந்த சாலையில் வளைவில் திரும்பும்போது அது நல்லது. மழையில் நிலைமை வேறு. அகலமான டயருக்கு முன்னால் விலக்க வேண்டிய தண்ணீர் அதிகம், விலக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. விலக்க முடியாதபோது டயர் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டீரிங் திடீரென்று லேசாகிவிடும். அந்தக் கணம் கார் உங்களுடையது அல்ல.

1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர் வால்டர் ஹோர்ன், நனைந்த ஓடுபாதையில் விமான டயர்கள் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது அந்த வேகம். 30 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர் என்று வருகிறது. 25க்கு இறங்கினால் சுமார் 83. கார் டயருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. பூவின் ஆழமும் தேங்கிய நீரின் ஆழமும் டயரின் அகலமும் கணக்கை மாற்றும். ஆனாலும் பாடம் தெளிவானது. மாலை நான்கு மணிக்குக் குடம் கவிழ்ந்ததுபோல் மழை கொட்டும் கிள்ளான் பள்ளத்தாக்கில், நெடுஞ்சாலை வேகத்துக்கும் மிதக்கும் வேகத்துக்கும் இடையே அதிக தூரம் இல்லை. இங்கே அகலத்தைவிடப் பூவின் ஆழமும் காற்றழுத்தமும்தான் உங்களைக் காப்பாற்றும்.

ரிம்மில் மறைந்திருக்கும் மூன்று எண்கள்

விட்டமும் அகலமும் கண்ணுக்குத் தெரியும். தெரியாத மூன்று எண்கள் உண்டு.

முதலாவது பி.சி.டி., அதாவது நட்டுத் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். வீராவுக்கும் மைவிக்கும் நான்கு துளை, 100 மில்லிமீட்டர். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கு நான்கு துளையானாலும் வட்டம் 114.3 மில்லிமீட்டர். அதனால் ஒரு புரோட்டோனின் ரிம் இன்னொரு புரோட்டோனுக்குப் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு வகையிலும் துளையிட்ட ரிம்களும் கடையில் கிடைக்கும்.

இரண்டாவது, நடுத் துளை. ஹப்பின் நடுவில் இருக்கும் வட்டமான மேட்டில் ரிம் இறுக்கமாக உட்கார வேண்டும். வெளியில் விற்கும் ரிம்கள் பல கார்களுக்குப் பொருந்தட்டும் என்று நடுத் துளையைப் பெரிதாக்கி வைப்பார்கள். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால், பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் ஸ்டீரிங் நடுங்கும். இது சில ரிங்கிட் பொருள். கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது ஆஃப்செட். ரிம்மின் மையக் கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது. எடுத்துக்காட்டாக, 5 அங்குல அகலமும் 46 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ளதைப் போடுகிறீர்கள். வெளி விளிம்பு 36 மில்லிமீட்டர் வெளியே வரும், உள் விளிம்பு 14 மில்லிமீட்டர் உள்ளே போகும். வெளியே மட்கார்டில் உரசும், உள்ளே அப்சோர்பரை நெருங்கும். பியரிங்கின் மேல் விழும் நெம்புவிசையும் கூடும். பழைய காரில் சில மாதத்தில் "ஊ" என்ற சத்தம் கேட்கத் தொடங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர், வாகனப் பரிசோதனையிலும் சாலையிலும் உங்களுக்குச் சிக்கலைத்தான் தரும்.

எழுத்து இருந்தால் போதுமா?

ஜப்பானிய ரிம்களில் ஜே.டபிள்யூ.எல். என்ற குறியைப் பார்த்திருப்பீர்கள். அந்நாட்டின் போக்குவரத்து அமைச்சு வகுத்த தரம் அது. வளைத்துச் சுழற்றும் சோதனை, சுமையோடு உருட்டும் சோதனை, எடையைப் போட்டு மோதும் சோதனை என மூன்றும் உண்டு. ஆனால் அந்தக் குறியைத் தயாரிப்பாளரே சோதித்துப் பொறித்துக்கொள்ளலாம். வி.ஐ.ஏ. என்ற குறியும் சேர்ந்திருந்தால் வெளி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள்.

சிக்கல் என்னவென்றால், வடிவத்தைக் காப்பியடிக்கிறவன் எழுத்தையும் காப்பியடிப்பான். செலுப் ரிம்மில் எல்லா எழுத்தும் இருக்கும், உள்ளே நல்ல வார்ப்பு இருக்காது. வார்ப்பில் காற்றுக் குமிழிகள் தங்கியிருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். இரும்பு ரிம் அடி வாங்கினால் வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியும். வார்ப்பு அலுமினியம் அதிகம் வளையாமல் விரியும். இன்னொரு குணமும் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை அசைத்தாலும் இரும்பு சோர்ந்து போகாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை தெளிவாக இல்லை. ஒவ்வொரு குழியையும் அது கணக்கில் வைத்துக்கொள்ளும். ஆகவே விரிசலை வெல்டிங் செய்து பெயிண்ட் அடித்த பழைய ரிம்மை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த ரிம்மைச் சூட்டில் பதப்படுத்தித்தான் வலிமை ஏற்றியிருப்பார்கள். வெல்டிங் சூடு அந்த வலிமையைக் கலைத்துவிடும்.

அப்படியானால் பதின்மூன்றிலேயே இருக்க வேண்டுமா?

வேண்டாம். பெரிய ரிம்மின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1924இல் லியோனில் நடந்த பந்தயத்துக்கு எத்தோரே புகாட்டி தன் 35ஆம் வகைக் காரை வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு கொண்டுவந்தார். பிரேக் டிரம்மும் சக்கரமும் ஒரே வார்ப்பு, பிரேக்கின் சூடு சீக்கிரம் வெளியேறும். அழகுக்குள் ஒரு வேலை இருந்தது. அந்தப் பந்தயத்தில் அவரைக் கைவிட்டது சக்கரம் அல்ல, சரியாகப் பதப்படாத டயர்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தப் பாடம் இன்றும் பொருந்தும்.

பெரிய ரிம்முக்குள் பெரிய பிரேக்குக்கு இடம் உண்டு. உயரம் குறைந்த பக்கச்சுவர் வளைவில் குறைவாக நெளியும், ஸ்டீரிங் திருப்பியதும் கார் கேட்கும். எல்லாவற்றையும்விட நடைமுறையான காரணம் இது: பதின்மூன்று அங்குலத்தில் இன்று கிடைக்கும் டயர்கள் பெரும்பாலும் மலிவான ரகங்கள். நனைந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும் நல்ல ரகங்கள் பதினைந்து அங்குலத்தில் அதிகம். ஆகவே பதின்மூன்று அங்குல ரிம்மில் ஓடும் ஒரு வீராவுக்கு, குறைந்த எடையுள்ள பதினான்கோ பதினைந்தோ போடுவது வெறும் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். 195/50 ஆர்15இல் மொத்த விட்டம் மாறவில்லை, 82 என்ற அதே சுமைக் குறியீட்டில் டயர் கிடைக்கிறது, நசுங்க 80 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. பதினாறுக்குப் போகிறவர் சுமைக் குறியீட்டைக் கவனிக்க வேண்டும். 195/45 ஆர்16இல் 80 என்ற டயரும் உண்டு. அது 450 கிலோதான் தாங்கும். பதினேழு? இந்த வயது காருக்கு, இந்தச் சாலைகளுக்கு வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து.

காசை எங்கே போடுவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. நம்மில் பலர் ரிம்முக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் பழைய டயர் வாங்குகிறோம். அது தலைகீழ். முதலில் அப்சோர்பர், புஷ், பியரிங் ஆகியவற்றைப் பார்த்துச் சரி செய்யுங்கள். அடுத்து டயர். அதன் பக்கத்தில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிடும். கடைசியாக, மிஞ்சிய பணத்தில் ரிம். போட்டபின் அலைன்மெண்ட் செய்யுங்கள். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பாருங்கள். அசல் அளவிலிருந்து மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ரிம் மாற்ற வேண்டும் என்றால் "காசைக் கரியாக்காதே" என்று முடித்துவிடாதீர்கள். அவன் நமக்குத் தெரியாமல் தவணையில் போட்டுக்கொண்டு வருவான். உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். இயற்பியல் பிடிக்காத பையனுக்குக்கூடத் தன் கார் என்றால் பிடிக்கும். பள்ளியில் வட்டத்தின் சுற்றளவு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் ஒரு டயரை வகுப்புக்கு உருட்டி வரலாம்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிம் விற்கும்போது ரசீதில் ஐந்து எண்களை எழுதிக் கொடுங்கள்: மொத்த விட்ட மாற்றம், சுமைக் குறியீடு, அகலம், ஆஃப்செட், ஒரு ரிம்மின் எடை. ஒரு நிமிட வேலை. இதைச் சட்டமே கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். மளிகைக்கடை ரொட்டிப் பொட்டலத்தில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. நான்கு உயிரைச் சுமக்கும் சக்கரத்துக்கு அது இல்லையென்றால் எப்படி?

மருமகனோடு நானும் கடைக்குப் போனேன். பதினேழு அங்குல ரிம்மை ஒரு கையிலும், லேசான பதினைந்து அங்குல ரிம்மை மறு கையிலும் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கினான். பிறகு பதினைந்தை இறக்கி வைக்காமலேயே விலை கேட்டான். மிஞ்சிய பணத்தில் நான்கு புது டயரும் முன்பக்க அப்சோர்பர் இரண்டும் வந்தன. கார் அவன் நினைத்த அளவுக்கு "நிக்கவில்லை" என்று கொஞ்சம் வருத்தம்தான் அவனுக்கு. கடந்த வாரம் கொட்டும் மழையில் என் அக்காளைக் கோயிலுக்கு அழைத்துப் போய்த் திரும்பினான். "ரோட்டுல தண்ணி நின்னுச்சு மாமா, காடி அசையல" என்று போனில் சொன்னான்.

உங்கள் காரின் கதவை இன்றே திறந்து பாருங்கள். ஓட்டுநர் பக்கத் தூணிலோ கையேட்டிலோ அசல் டயர் அளவு இருக்கும். ஒரு தாளில் எழுதி, பெருக்கி, கூட்டுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.